ஏழு பேர் உட்காரும் இடம் எங்கிருந்து வருகிறது?

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு வாடகை வண்டி ஒன்றில் கிளம்பினோம். ஏழு சீட், ஏழு பேர், கணக்கு சரியாகத்தான் இருந்தது. பெட்டிகளை ஏற்றும்போதுதான் சிக்கல் தெரிந்தது. கடைசி வரிசையில் ஆள் உட்கார்ந்த பிறகு டிக்கியில் இரண்டு பைக்கு மேல் நுழையவில்லை. சீர்த்தட்டும் பழக்கூடையும் எங்கள் மடிக்கு வந்தன. கடைசி வரிசையில் அத்தை. விழுப்புரத்தில் காபிக்கு நிறுத்தியபோது அவரால் உடனே இறங்க முடியவில்லை. நடுச் சீட்டைக் கவிழ்த்து, கையைப் பிடித்து, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து வெளியே வர ஐந்து நிமிஷம் ஆனது. "முட்டி ரெண்டும் நெஞ்சு வரைக்கும் வந்து நிக்குதுப்பா" என்றார்.

அடுத்த சில மாதங்களில் அண்ணன் ஒரு செவன் சீட்டர் வாங்க நினைத்தார். அவருடன் ஷோரூம் ஷோரூமாகப் போய், ஒவ்வொரு வண்டியின் கடைசி வரிசையிலும் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். எல்லா இடத்திலும் விற்பனையாளர் காட்டியது ஒன்றுதான்: நடுச் சீட்டை முன்னால் தள்ளி, "பாருங்க சார், கால் வைக்க எவ்வளவு இடம்!" அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அத்தைக்கு அன்று குறைந்தது முன்னால் இருந்த இடம் இல்லை. பாதத்துக்கும் இடுப்புக்கும் நடுவில் இருக்க வேண்டிய உயரம் குறைந்துபோயிருந்தது. தரை மேலே வந்திருந்தது.

வீட்டில் சாப்பாட்டு மேசை நாற்காலியைப் பாருங்கள். தரையிலிருந்து உட்காரும் பலகை ஏறத்தாழ ஒன்றரை அடி உயரம். அதில் உட்கார்ந்தால் தொடை முழுக்கப் பலகையில் படிகிறது, உடம்பின் எடை தொடைக்கும் இடுப்புக்கும் பிரிந்து போகிறது. அதே ஆள் குழந்தைகளின் குட்டை நாற்காலியில் உட்கார்ந்தால் முட்டி மேலே ஏறும், தொடை பலகையை விட்டு எழும்பும், மொத்த எடையும் வால் எலும்புக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் இறங்கும். பத்து நிமிஷம் தாங்கலாம், மூன்று மணி நேரம் முடியாது. கார் வடிவமைப்பாளர்களும் உள்ளிடத்தை இங்கிருந்துதான் வரையத் தொடங்குகிறார்கள். குதிகால் படும் இடம் ஒரு புள்ளி, இடுப்பு மூட்டு வரும் இடம் இன்னொரு புள்ளி. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள உயரம் முடிவானால்தான் முதுகு எவ்வளவு சாய வேண்டும், தலைக்கு மேல் எவ்வளவு விட வேண்டும், முட்டி எங்கே வரும் என்பதெல்லாம் முடிவாகும்.

கடைசி வரிசையில் அந்த உயரம் ஏன் குறைகிறது? அங்கே தரைக்கு அடியில் பெரிய கூட்டமே இருக்கிறது. பின் சக்கரங்களை இணைக்கும் அச்சு, அது மேலும் கீழும் ஆட வேண்டிய இடைவெளி, அதற்குச் சற்று முன்னால் பெட்ரோல் டேங்க், சைலன்ஸர் குழாய், பின்னால் ஸ்டெப்னி. இத்தனையும் கீழே இருக்கும்போது தரை மேலே ஏறத்தான் வேண்டும். கூரையை அதே அளவுக்கு ஏற்றினால் வண்டி லாரி போல ஆகிவிடும், காற்றைக் கிழித்து ஓடுவதும் சிரமம். எனவே நடுவில் இருக்கிற மெத்தையைத் தாழ்த்துகிறார்கள். தரை மேலே, மெத்தை கீழே. அத்தையின் முட்டி நெஞ்சுக்கு வந்த கதை இதுதான்.

எனவே குடும்ப வேனின் உள்ளிடத்தைப் பற்றிப் பேசினால் முதலில் தரையைப் பற்றிப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். சீட் எத்தனை விதமாக மடியும் என்பதும் அங்கேதான் முடிவாகிறது.

இந்த வகை வண்டியின் வரலாறே தரையைத் தாழ்த்திய வரலாறுதான். 1970களில் அமெரிக்காவின் ஃபோர்டு கம்பெனியில் ஹால் ஸ்பெர்லிக் என்ற பொறியாளர், சாதாரண வீட்டு கராஜில் நுழையக்கூடிய, ஆனால் உள்ளே குடும்பமே தாராளமாக உட்காரக்கூடிய ஒரு சின்ன வேனைச் செய்ய வேண்டும் என்று வற்புறுத்தி வந்தார். அதுவரை அங்கே வேன் என்றால் பெரும்பாலும் சரக்கு வண்டி. எஞ்சின் முன்னால், சக்தி போவது பின் சக்கரத்துக்கு. இடையில் முழு நீளத்துக்கும் சுழலும் தண்டு ஓடும். அந்தத் தண்டுக்கு மேலேதான் தரை போட முடியும் என்பதால் படி ஏறித்தான் உள்ளே போக வேண்டும். ஸ்பெர்லிக்கின் யோசனை முன் சக்கரத்துக்கே சக்தியைக் கொடுத்துவிடுவது. அப்போது நடுவில் தண்டே வேண்டாம், தரை தாழ்ந்து தட்டையாக வரும். ஃபோர்டு அதற்கான செலவுக்குத் தயங்கியது. 1976இல் ஸ்பெர்லிக் வெளியே அனுப்பப்பட்டார். 1978இல் ஃபோர்டின் தலைவர் லீ ஐயக்கோக்காவும் அதே வழியில் போனார். இருவரும் சேர்ந்த இடம் திவாலாகும் நிலையில் இருந்த கிரைஸ்லர்.

அமெரிக்க அரசின் கடன் உத்தரவாதத்தில் உயிர் பிழைத்த கிரைஸ்லர், தன் சின்னக் கார்களின் முன்சக்கர அடித்தளத்தை எடுத்து இந்த வேனைக் கட்டியது. 1983 நவம்பரில் கனடாவின் வின்ட்சர் நகரத் தொழிற்சாலையிலிருந்து முதல் வண்டி வெளியே வந்தது. டாட்ஜ் கேரவன், பிளிமத் வாயேஜர் என்று இரண்டு பெயர்கள், வண்டி ஒன்றுதான். பக்கத்தில் தள்ளுக் கதவு, தாழ்ந்த தரை. சேலை கட்டியவரோ, கைக்குழந்தை வைத்திருப்பவரோ, முட்டிவலிக்காரரோ ஏறி உட்கார ஏற்ற வடிவம் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். டொரொன்டோவில் இருக்கும் நம் ஊர்க்காரர்களின் வீடுகளுக்குப் போனால் வாசலில் இந்த வடிவத்தின் வாரிசு ஏதாவது ஒன்று நிற்பதைப் பார்க்கலாம். பனியில் குழந்தைகளையும் தாத்தா பாட்டியையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு போக வேண்டியவர்களுக்கு அது தேவைப்படுகிறது.

ஏறத்தாழ அதே நேரத்தில், 1984இல், பிரான்ஸில் ரெனோ எஸ்பாஸ் வந்தது. மாத்ரா கம்பெனி உருவாக்கி ரெனோ விற்ற வண்டி. தட்டையான தரைமீது தனித்தனிச் சீட்டுகள். பின்னால் உள்ள ஒவ்வொன்றையும் தனியே கழற்றி எடுத்துவிடலாம். முன்சீட்டுகளைப் பின்பக்கம் திருப்பி வைத்து, நடுச் சீட்டின் முதுகை மடித்து மேசையாக்கி, எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடலாம்.

இங்கேதான் அடுத்த கேள்வி வந்தது. கழற்றிய சீட்டை எங்கே வைப்பது?

அன்றைய சீட்டுகள் கனம். கிரைஸ்லரின் பின் பெஞ்ச் சீட்டைக் கழற்ற இரண்டு பேர் வேண்டும். 1995இல் புதிய தலைமுறை வந்தபோது சீட்டுக்கு அடியில் சின்னச் சக்கரம் வைத்து உருட்டி இறக்கும்படி செய்தார்கள். இறக்கிய பிறகும் அது கராஜின் ஒரு மூலையை அடைத்துக்கொண்டு நிற்கும். வெளியூர் போன இடத்தில் ஒரு பீரோ வாங்கினால் வீட்டில் கழற்றி வைத்த சீட்டால் பிரயோஜனம் உண்டு, வண்டியிலேயே இருக்கும் சீட்டை நடுத்தெருவில் கழற்றிப் போட முடியாது. இடம் எப்போது தேவைப்படும் என்று காலையிலேயே தெரிந்திருக்க வேண்டும். குடும்பத்தில் அப்படியா நடக்கிறது?

சீட் வண்டிக்குள்ளேயே மறைய வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் நன்றாகச் செய்தவர்கள் ஹோண்டாகாரர்கள். 1994இல் ஜப்பானில் வந்த ஒடிசியின் கடைசி வரிசை, பின்பக்கமாகக் குப்புற விழுந்து தரையில் உள்ள ஒரு குழிக்குள் படுத்துவிடும். ஆட்கள் உட்கார்ந்தால் அந்தக் குழியே பெட்டி வைக்கும் இடம். இந்த விஷயத்தை நான் மிகவும் ரசிக்கிறேன். சீட் நிற்கும்போது குழி காலி, சீட் படுத்தால் குழி நிரம்பி மேலே தட்டை. ஒரே இடம் இரண்டு வேளையும் வேலை செய்கிறது. 1999இல் வந்த ஜெர்மனியின் ஓபல் ஸஃபீராவில் கடைசி இரண்டு சீட்டும் தனித்தனியே தரைக்குள் மடிந்தன, நடு வரிசை முன்னும் பின்னும் நகர்ந்தது. எந்தச் சீட்டையும் கழற்ற வேண்டியதில்லை.

கடைசி வரிசைக்குப் பின்னால் குழி தோண்டுவது ஓரளவு எளிது, ஸ்டெப்னிக்கு வேறு இடம் பார்த்தால் போதும். நடு வரிசைக்குக் கீழே குழி தோண்டுவதுதான் கடினம், ஏனென்றால் வண்டியின் குடல் முழுக்க அங்கேதான் ஓடுகிறது. கிரைஸ்லர் அதைச் செய்தது. 2005 மாடலில் நடு வரிசைச் சீட்டுகளும் தரைக்குள் புதையும்படி வந்தன. ஓடிக்கொண்டிருந்த ஒரு மாடலின் அடிப்பகுதியை இதற்காகவே திருத்தி எழுத 40 கோடி டாலர் செலவானதாகக் கம்பெனி சொன்னது. பெட்ரோல் டேங்க், சைலன்ஸர் குழாய், கை பிரேக் கம்பிகள் எல்லாம் நகர்ந்தன. ஸ்டெப்னி முன்சீட்டுகளுக்கும் நடுச்சீட்டுகளுக்கும் இடையே வண்டியின் வயிற்றுக்கடியில் போனது. நான்கு சக்கரத்துக்கும் சக்தி கொடுக்கும் வகையை விற்பதையே நிறுத்திவிட்டார்கள், அதற்கான தண்டு ஓட இடமில்லை. சீட் மெத்தையும் மெலிந்தது. குழிக்குள் அடங்க வேண்டிய சீட் தடிமனாக இருக்க முடியாது. நீண்ட பயணத்தில் அந்த நடுச்சீட் கொஞ்சம் கெட்டியாக இருக்கிறது என்ற குறை பல வருஷம் தொடர்ந்தது.

இந்தக் கணக்கு எவ்வளவு கறாரானது என்பதற்கு அதே கம்பெனியின் இன்னொரு வண்டி சாட்சி. 2017 மாடலாக வந்த பசிஃபிகாவின் பெட்ரோல் வகையில் நடுச்சீட் தரைக்குள் போகும். பெட்ரோலோடு பேட்டரியிலும் ஓடும் ஹைபிரிட் வகையில் போகாது. 16 கிலோவாட்-மணி பேட்டரியை எங்கே வைப்பது என்று தேடியவர்களுக்குக் கிடைத்தது அந்தக் குழிதான். சீட் படுத்த இடத்தில் பேட்டரி படுத்துவிட்டது. வாங்குபவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முழுக்க மின்சாரத்தில் ஓடும் குடும்ப வண்டிகள் நம் ஊரிலும் வரத் தொடங்கிவிட்டன. அவற்றில் பேட்டரி தரை முழுவதும் பாய் விரித்தாற்போல் கிடக்கும். அதன் தடிமனுக்கு ஏற்பத் தரை உயர்ந்திருக்கிறதா, உயர்ந்திருந்தால் சீட்டையும் சேர்த்து உயர்த்தியிருக்கிறார்களா என்று உட்கார்ந்து பார்க்க வேண்டும். நடு வரிசையிலேயே தொடை எழும்பி நின்றால் கடைசி வரிசையைக் கேட்கவே வேண்டாம்.

சரி, நம் ஊர் வண்டிகளுக்கு வருவோம்.

1984இல் வந்த மாருதி வேன், பின்னாளில் ஆம்னி, மூன்றரை மீட்டருக்கும் குறைவான நீளம். 796 சிசி எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில். மூக்கே இல்லாத வண்டி என்பதால் நீளத்தில் பெரும்பகுதி ஆளுக்கும் சரக்குக்கும் கிடைத்தது. பள்ளிக்கூட வேனாகவும் ஆம்புலன்ஸாகவும் காய்கறி வண்டியாகவும் அது ஓடியதற்கு அந்தத் தரைதான் காரணம். முன்னால் நசுங்குவதற்கு ஒன்றுமில்லாததால் மோதலில் ஓட்டுபவரின் கால்தான் முதலில் அடிபடும் என்பது அதற்குக் கொடுத்த விலை. 2019இல் உற்பத்தி நின்றது.

2005இல் டொயோட்டா இன்னோவா வந்தது. டிராவல்ஸ்காரர்களுக்கு இன்னும் அதன் மேல் இருக்கிற மரியாதை எல்லோருக்கும் தெரியும். அது ஏணிச்சட்ட வண்டி. நீளவாக்கில் இரண்டு இரும்புத் தூலங்கள், குறுக்கே இணைப்புகள், அதன் மேல் உடல் உட்கார்ந்திருக்கும். எஞ்சினும் நீளவாக்கில், சக்தி பின் சக்கரத்துக்கு. பல லட்சம் கிலோமீட்டர் அடி தாங்குவது இந்த அமைப்பால்தான், தரை உயர்ந்திருப்பதும் இதனால்தான். தரைக்குள் குழி தோண்ட வழியில்லாததால் கடைசிச் சீட்டுகள் இரண்டாகப் பிரிந்து பக்கச் சுவரோடு தூக்கி மாட்டப்பட்டன. நடுவில் தரை கிடைக்கும், அகலம் குறையும், பக்கத்துக் கண்ணாடியும் பாதி மறையும்.

2022 இறுதியில் அறிமுகமான இன்னோவா ஹைகிராஸ் பெயரில்தான் இன்னோவா. ஏணிச்சட்டம் போய்விட்டது, உடலும் அடித்தளமும் ஒரே கூடாக வந்தன, எஞ்சின் குறுக்கு வாட்டில் திரும்பியது, சக்தி முன் சக்கரத்துக்கு. இதற்கு முந்தைய தலைமுறை இன்னோவாவான கிரைஸ்டாவின் நீளம் 4,735 மி.மீ., ஹைகிராஸ் 4,755. வெறும் 20 மி.மீ.தான் கூடுதல். ஆனால் முன் பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம் 2,750இலிருந்து 2,850 ஆனது. வெளியே இரண்டு சென்டிமீட்டர் கூடியதற்குச் சக்கரங்களுக்கு நடுவே பத்து சென்டிமீட்டர். ஸ்பெர்லிக் எழுபதுகளில் சொன்ன அதே விஷயம்.

மொத்த நீளத்தில் சக்கர இடைத்தூரம் எத்தனை பங்கு என்று நானே ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். கிரைஸ்டாவில் 58 சதவீதம். ஹைகிராஸில் 60. 4,395 மி.மீ. நீளமும் 2,740 சக்கர இடைத்தூரமும் உள்ள எர்டிகாவில் 62. கியா கேரன்ஸில் 61. ரெனோ டிரைபரில் 66. சக்கரங்கள் வண்டியின் ஓரத்துக்குப் போகப் போக, பின் சக்கரத்தின் மேல்வளைவு கடைசி வரிசைக்காரரின் தோளையும் இடுப்பையும் விட்டு விலகுகிறது. இது ஒன்றே போதும் என்று சொல்லமாட்டேன், ஆனால் ஷோரூமுக்குப் போகும் முன் வீட்டிலேயே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது.

டிரைபரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சென்னைக்குப் பக்கத்தில் நம் ஒரகடத்தில் தயாராகும் வண்டி. 2019 ஆகஸ்டில் வந்தது. நீளம் 3,990 மி.மீ. அந்தப் பத்து மில்லிமீட்டர் குறைவுக்குக் காரணம் வரி. 2006 முதல் நான்கு மீட்டருக்கு உட்பட்ட, 1,200 சிசிக்கு மேல் போகாத பெட்ரோல் கார்களுக்கு வரிச்சலுகை உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் அவற்றுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், பெரிய கார்களுக்கு 40. நான்கு மீட்டருக்குள் ஏழு பேர் என்ற புதிர் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ அவ்வளவாக எழுவதில்லை, ஏனென்றால் அங்கே அப்படி ஒரு கோடு இல்லை.

அந்தப் புதிரை அவர்கள் தீர்த்த விதம், 1984ஆம் ஆண்டின் எஸ்பாஸுக்கே திரும்பிப் போனது. தரைக்குள் குழி தோண்ட நான்கு மீட்டர் வண்டியில் இடமே கிடையாது. எனவே கடைசி இரண்டு சீட்டும் கழற்றி எடுக்கும் வகை, அதுவும் ஒரு ஆளே தூக்கி இறக்கும்படி எடை குறைவாக. நடு வரிசை 170 மி.மீ. முன்னும் பின்னும் நகரும், முதுகு சாயும், கவிழும். கடைசி வரிசைக்கு மேல் கூரையைக் கொஞ்சம் உயர்த்தி, அந்த மேடு தெரியாமல் இருக்க மேலே கேரியர் கம்பிகளை ஓடவிட்டிருக்கிறார்கள். ஏழு சீட்டும் இருக்கும்போது டிக்கி 84 லிட்டர். ஒரு சீட்டைக் கழற்றினால் 320. இரண்டையும் கழற்றினால் 625.

இந்த லிட்டர் கணக்கில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். டிக்கியில் தண்ணீர் ஊற்றி யாரும் அளப்பதில்லை. பரவலாகப் பின்பற்றப்படும் ஜெர்மன் முறையில் 200 மி.மீ. நீளம், 100 அகலம், 50 உயரம் உள்ள கட்டைகளை அடுக்குவார்கள். ஒரு கட்டை ஒரு லிட்டர். எத்தனை கட்டை நுழைகிறதோ அத்தனை லிட்டர். நம் சூட்கேஸ் அந்தக் கட்டையைவிடப் பல பத்து மடங்கு பெரியது, மடங்காது, நசுங்காது. எர்டிகாவின் 209 லிட்டரும் கேரன்ஸின் 216 லிட்டரும் எண்ணில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஆனால் கடைசிச் சீட்டின் முதுகுக்கும் பின் கதவுக்கும் நடுவே இருப்பது உயரமான, ஒல்லியான ஒரு இடம். துணிப்பை பத்துகூட நுழையும், சக்கரம் வைத்த பெரிய பெட்டி ஒன்றுகூடக் குறுக்கே போகாமல் நிற்கலாம். வீட்டில் இருக்கிற பெரிய பெட்டியை ஷோரூமுக்கே எடுத்துக்கொண்டு போய் வைத்துப் பாருங்கள். அண்ணன் அப்படித்தான் செய்தார். அவர்களும் சந்தோஷமாகவே விட்டார்கள்.

கால் இட அளவுகளிலும் இதே போன்ற சிக்கல் உண்டு. நடு வரிசை நகரும் வண்டியில், நடு வரிசைக்கான அளவைச் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி எடுக்கலாம், கடைசி வரிசைக்கான அளவை அதே சீட்டை முழுக்க முன்னால் தள்ளி எடுக்கலாம். இரண்டும் உண்மையான அளவுகள்தான். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. மிதிக்கட்டையிலிருந்து பின்கதவு வரை உள்ள தூரம் மாறாது, மூன்று வரிசையும் டிக்கியும் அதைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். வீட்டிலேயே உயரமானவர் முதலில் ஓட்டும் சீட்டில் தனக்கு ஏற்றபடி உட்காரட்டும். அப்புறம் அந்தச் சீட்டை அசைக்காமல் அதன் பின்னால், அதற்கும் பின்னால் என்று ஒவ்வொருவராக ஏறட்டும். எல்லோரும் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது பின்கதவைத் திறந்து பெட்டியை வைக்கட்டும். அன்று தெரிவதுதான் அந்த வண்டியின் அளவு.

அடுத்து, கடைசி வரிசைக்குப் போகும் வழி. இது வாங்கும்போது யாருக்கும் நினைவுக்கு வராது, பிறகு தினமும் நினைவுக்கு வரும். நடுவில் பெஞ்ச் சீட் இருந்தால் ஏழு பேர், தனித்தனியாக இரண்டு கேப்டன் சீட் இருந்தால் ஆறு பேர். ஒரு சீட் குறைவதை நஷ்டமாக நினைக்கிறோம். ஆனால் இரண்டு கேப்டன் சீட்டுக்கு நடுவே ஒரு சந்து கிடைக்கிறது. சிறுவர்கள் அதன் வழியே பின்னால் போய்விடுவார்கள், எதையும் கவிழ்க்க வேண்டாம். பெஞ்ச் சீட்டைக் கவிழ்க்க வேண்டுமென்றால் அதில் யாரும் இருக்கக் கூடாது. குழந்தைக்கான தனிச்சீட்டை அதில் மாட்டியிருந்தால் கவிழ்க்கவே முடியாது. தினமும் கழற்றி மாட்டுவது நடக்காத காரியம். அப்படியானால் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் ஒரு பக்கம் நிரந்தரமாக அடைபட்டுவிடுகிறது, இன்னொரு பக்கத்தை மட்டும் நம்ப வேண்டும். அந்த இன்னொரு பக்கம் நடைபாதைப் பக்கமா, சாலைப் பக்கமா என்று பாருங்கள். அமெரிக்காவில் 2018 மாடல் ஹோண்டா ஒடிசியில் நடுவில் உள்ள சின்னச் சீட்டை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் பக்கவாட்டில் நகரும்படி செய்தார்கள். குழந்தைச் சீட்டைக் கழற்றாமலே வழி கிடைக்கிறது. எளிமையான, நல்ல யோசனை.

அதே அமெரிக்காவில் 2021 மாடல் டொயோட்டா சியன்னாவின் நடுச்சீட்டுகளைக் கழற்ற முடியாது. பக்கவாட்டு ஏர்பேக் சீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதற்கான கம்பியைத் துண்டித்துத் துண்டித்து மாட்ட விட முடியாது. பாதுகாப்பும் வசதியும் இப்படிச் சில இடங்களில் ஒன்றின் காலை ஒன்று மிதித்துக்கொள்கின்றன. பாதுகாப்புக்கு இடம் கொடுத்தது சரி என்பதே என் கட்சி.

தள்ளுக் கதவு நம் ஊரில் எடுபடவில்லை என்பது எனக்கு வருத்தம்தான். நெருக்கமான பார்க்கிங்கில் அதைவிட நல்ல கதவு கிடையாது. 2012இல் நிஸான் எவாலியா தள்ளுக் கதவோடு வந்தது, அதுவும் சென்னைப் பக்கத்திலேயே தயாரானது. உள்ளே தாராளமான இடம். ஆனால் முதலில் வந்த வண்டியில் நடு வரிசைக் கண்ணாடியை இறக்க முடியாது. நம் வெயிலிலும், வாந்தி வரும் பிள்ளைகளோடும், கண்ணாடி திறக்காத வண்டியை யார் வாங்குவார்கள்? அடுத்த வருஷம் நகர்த்தித் திறக்கும் கண்ணாடி வைத்தார்கள், அதற்குள் வாங்குபவர்கள் வேறு பக்கம் போய்விட்டார்கள். இன்று தள்ளுக் கதவு என்றால் ஒரு பக்கம் மாருதி ஈகோ, இன்னொரு பக்கம் கியா கார்னிவல் போன்ற மிக விலையுயர்ந்த வண்டிகள். நடுவில் ஒன்றுமில்லை.

வாந்தி என்றதும் கடைசி வரிசையின் இன்னொரு பிரச்சினை. அங்கே உட்காருபவர் பின் அச்சுக்கு நேர் மேலே இருக்கிறார். ஸீஸாவின் நடுவில் இருப்பவருக்கும் ஓரத்தில் இருப்பவருக்கும் உள்ள வித்தியாசம்தான் நடு வரிசைக்கும் கடைசி வரிசைக்கும். ஒவ்வொரு வேகத்தடையிலும் தூக்கிப் போடுவது அங்கேதான் அதிகம். ஜன்னலும் சின்னது, முன்னால் சாலை தெரியாது, ஏசி காற்று கடைசியாக வந்து சேரும். கூரையிலோ பக்கத்திலோ கடைசி வரிசைக்கென்று தனி ஏசி வென்ட் இல்லாத வண்டியை நம் மாவட்டங்களில் மே மாதம் ஓட்டக் கூடாது என்பேன்.

எடையையும் மறக்க வேண்டாம். ஆளுக்கு 65 கிலோ என்றால் ஏழு பேர் 455 கிலோ. அதன் மேல் பெட்டிகள். டிரைபரின் வெற்று எடையே 950 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, எஞ்சின் 999 சிசி, 72 குதிரைச்சக்தி. ஏழு பேரோடு ஏற்காடு ஏறும்போது அது திணறத்தான் செய்யும், முதல் இரண்டு கியரிலேயே பொறுமையாகப் போக வேண்டும். முழு ஆட்களோடு போகும்போது டயரில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்று தனியாகவே குறிப்பிட்டிருப்பார்கள், பெரும்பாலும் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில். ஊருக்குக் கிளம்பும் அன்று காலை அதைப் பார்த்துப் பின் டயருக்குக் காற்று ஏற்றுவது இரண்டு நிமிஷ வேலை.

கடைசியில் அண்ணன் வாங்கியது டிரைபர்தான். வருஷத்தில் முந்நூறு நாள் வீட்டில் நான்கு பேர், நான்கு பேருக்கு 625 லிட்டர் டிக்கி என்பது பெரிய சமாச்சாரம். கழற்றிய இரண்டு சீட்டுகளையும் அவர் எங்கே வைக்கப் போகிறார் என்பதுதான் என் கேள்வியாக இருந்தது. மூன்றாவது மாடி ஃபிளாட், கராஜ் கிடையாது, கீழே தூணுக்குத் தூண் ஒரு வண்டி. அண்ணி அளந்து பார்த்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் ஒன்று, பால்கனிக் கதவோரம் ஒன்று என்று முடிவு செய்தார். பால்கனிச் சீட் மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டிருக்கிறார்கள், பிள்ளைகள் அதில் உட்கார்ந்துதான் படிக்கிறார்கள்.

போன மாதம் அத்தை திருநெல்வேலியிலிருந்து ரயிலில் வந்தார். அன்று காலை அண்ணன் இரண்டு சீட்டையும் ஒவ்வொன்றாகக் கீழே கொண்டுபோய் மாட்டினார். எழும்பூரில் அத்தையை நடு வரிசையில் ஜன்னலோரம் உட்கார வைத்தார்கள். பின்னால் பிள்ளைகள் இருவரும். அத்தையின் சீட்டை மட்டும் கடைசி வரை பின்னால் தள்ளிவிட்டு, அவருக்குப் பின்னால் சின்னவனை உட்கார வைத்திருந்தார் அண்ணன். பைகள் நான்கும் டிக்கியில் நுழையவில்லை. இரண்டை நான் மடியில் வைத்துக்கொண்டேன்.